சிப்பிப்பாறைக்கு ரிட்டர்ன் டிக்கெட்!

கேட் திறந்திருந்தது மொத்தமே மூணு செகண்ட்தான்!

பால் பாக்கெட் எடுக்க அம்மா கையை வெளியே நீட்டினாங்க. அந்த இடுக்கில் சந்தன கலரில் ஏதோ ஒண்ணு 'சர்ர்ர்'னு போச்சு. அடுத்த செகண்ட், தெருமுனையில் சைக்கிள் விழுகிற சத்தம். அதுக்கு அடுத்த செகண்ட், 'அம்மா...'னு ஒரு பையன் அலறல். நான் பல்லு விளக்கிட்டிருந்த பிரஷ்ஷோட ஓடினேன்.

பக்கத்து வீட்டு ஆறாம் கிளாஸ் பையன். மணிக்கட்டு எலும்பில் விரிசல். மாவுக்கட்டு, எக்ஸ்ரே எல்லாம் சேர்த்து ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய். அப்பா ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துக் கொடுத்தார். திட்டியிருந்தால்கூட பரவாயில்லை பாஸ்... அந்த மௌனம்தான் தாங்கலை.

சாயங்காலம் ஹவுஸ் ஓனர் அங்கிள் வந்தார். காபி வேண்டாம்னார். "தம்பி, ஒண்ணு நாய் காலி பண்ணணும். இல்லேன்னா நீங்க காலி பண்ணணும். பத்து நாள் டைம்!"

காரணகர்த்தா என்ன பண்ணினான் தெரியுமா? ராத்திரி எட்டு மணிக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு, சேறு பூசின காலோட, ஒண்ணுமே நடக்காத மாதிரி வந்து கேட்டைச் சுரண்டினான்!

நியூட்டனின் முதல் விதி

அறிமுகம் செஞ்சுடறேன். பேர் நியூட்டன். சிப்பிப்பாறை நாய். வயசு ஒண்ணு. எடை 18 கிலோ. 'புறவிசை ஒன்று செயல்படாத வரை, இயங்கும் பொருள் இயங்கிக்கொண்டே இருக்கும்'னு ஸ்கூலில் படிச்சோமே... அதுக்கு நாலு கால் முளைச்சா எப்படி இருக்கும்? அதான் நம்ம ஆள்!

போன சித்திரையில் அப்பாவோட நண்பர் ஒருத்தர் ரெண்டு மாசக் குட்டியா கொண்டு வந்து கொடுத்தார். உள்ளங்கை ரெண்டில் அடங்கிடுச்சு. ஸ்டேட்டஸில் போட்டோ போட்டேன். கிளாஸில் பாதிப் பேர் 'வாவ்' அனுப்பினாங்க. உண்மையைச் சொல்லிடறேன்... அந்த 'வாவ்'க்காகத்தான் வளர்த்தேன். நாட்டு நாய் வெச்சிருக்கேன்னு சொல்றதே ஒரு கெத்து இல்லையா?

எட்டாவது மாசம் ஆரம்பிச்சது வினை. வீட்டில் ரெண்டு ரிமோட், ஒரு சோபா, என்னோட டிராஃப்டர், அப்பாவோட ஒத்தைச் செருப்புகள் மூணு... எல்லாம் காலி. ஒரு ஞாயித்துக்கிழமை, நாலு பக்கமும் சுவர் இருக்கிற ஸ்கூல் கிரவுண்டில் விட்டு ஸ்டாப்வாட்ச் வெச்சோம். ஒரு முனையில் நண்பன் பிடிச்சுக்கிட்டான். நூறு மீட்டர் தள்ளி நான் பிஸ்கட்டோட நின்னேன். எட்டு செகண்ட்! 2009-ல் பெர்லினில் உசேன் போல்ட் ஓடின உலக சாதனையே 9.58 தானே? நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். கணக்குப் போடாம விடுவேனா? மணிக்கு 45 கிலோமீட்டர், 18 கிலோ... இயக்க ஆற்றல் 1,400 ஜூல்! அன்னைக்கு அந்த நம்பரைப் பார்த்து விசிலடிச்சேன். அந்தப் பையன் கையில் மாவுக்கட்டைப் பார்த்தப்போதான் 1,400 ஜூல்னா என்னன்னு புரிஞ்சது.

மூணு டிசைன்... மூணும் அவுட்!

அடக்கிப் பார்க்காமல் இல்லை. இன்ஜினீயரிங் படிக்கிறோமே!

டிசைன் நம்பர் ஒண்ணு: சங்கிலி. நாள் முழுக்க வட்டமாச் சுத்தி, தரையில் காம்பஸில் வரைஞ்ச மாதிரி ஒரு வட்டமே போட்டுட்டான். கழுத்தில் முடி உதிர்ந்தது. முன்னாடி எப்பவாவது குரைச்சவன், எப்பவும் குரைக்கிறவன் ஆனான்.

டிசைன் நம்பர் ரெண்டு: அஞ்சடி காம்பவுண்டுக்கு மேலே ரெண்டடி கம்பி வலை. மொத்தம் ஏழடி. பெருமையா கையைத் தட்டிவிட்டு உள்ளே வந்து சாப்பிட உட்கார்ந்தேன். தண்ணி டிரம் மேலே ஒரு கால், மோட்டார் ஷெட் மேலே ஒரு கால், அப்புறம் ஆகாசம்! ஏழடி சுவர் கட்டினவன், பக்கத்திலேயே மூணடி படியை விட்டு வெச்சிருக்கேன். என் புரொஃபஸர் பார்த்தா அரியர் போட்டிருப்பார்.

டிசைன் நம்பர் மூணு: கடையில் வாங்கின பளபள காலர். பின்பக்கமா ரெண்டு அடி நகர்ந்து தலையைக் குனிஞ்சான். காலர் என் கையில். நியூட்டன் மெயின் ரோட்டில்! அப்புறம்தான் தெரிஞ்சது... இந்த வேட்டை நாய்களுக்குத் தலை ஒல்லி, கழுத்து பருமன். சாதாரண காலர் வழுக்கிட்டு வரத்தான் செய்யும்.

பத்து நாளில் நாலு நாள் போயிடுச்சு. "எங்கேர்ந்து வந்துச்சோ அங்கேயே கொண்டு போய் விட்டுடுப்பா"ன்னாங்க அம்மா, கண்ணைத் துடைச்சுக்கிட்டே. ஒரு கால்நடை டாக்டர், சிப்பிப்பாறைப் பக்கம் தலைமுறையா இந்த நாய் வளர்க்கிற ஒரு பெரியவரைக் கை காட்டினார். சனிக்கிழமை காலை அஞ்சு மணிக்கு, நண்பனோட சித்தப்பாவின் 'குட்டியானை' லோடு வண்டியில் மதுரையை விட்டுக் கிளம்பினோம். முன்னாடி சித்தப்பா. பின்னாடி நான், சிவில் படிக்கிற நண்பன், நியூட்டன். திரும்பும்போது ரெண்டு பேர்தான்னு நினைச்சுக்கிட்டேன்.

சாத்தூரில் ஒரு டீ

மதுரையிலிருந்து தெற்கே நாலு வழிச் சாலை. திருமங்கலம், விருதுநகர் தாண்டினால் மண்ணோட கலரே மாறிடுது. கருப்புன்னா அப்படி ஒரு கருப்பு. மாசி மாச வெயிலில் கரிசல் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கு. மரம்னு பார்த்தா வேலிகாத்தான் எனப்படும் சீமைக் கருவேலம், நடுநடுவே பனை. கண்ணுக்கு எட்டின வரைக்கும் மறைக்க ஒண்ணுமே இல்லை.

சாத்தூரில் வண்டியை ஓரம் கட்டி டீ. சாத்தூர் வந்துட்டு காராச்சேவு வாங்காம போனா பாவம் வரும்! நியூட்டன் பொட்டலத்தையே பார்த்தான். காரம் அவனுக்கு ஆகாது. ஆனா அவன் கண்ணு பொட்டலத்திலேயே நிக்கலை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆடு காதை ஆட்டினது, தூரத்தில் ஒரு பாலிதீன் பை பறந்தது... எல்லாத்துக்கும் தலை 'வெடுக் வெடுக்'னு திரும்புது. மூக்கை நம்பி வேட்டையாடுற நாய் வேற, கண்ணை நம்பி வேட்டையாடுற நாய் வேற. இவன் ரெண்டாவது ஜாதி. நமக்கு முன்பக்கம் 180 டிகிரி தெரியும்னா, இந்த மாதிரி நீள மூஞ்சி நாய்களுக்கு 270 டிகிரி வரைக்கும் தெரியும். அசையுற எதுவும் தப்பாது. இந்தக் கரிசலில் நின்னுக்கிட்டு யோசிச்சா லாஜிக் புரியுது. மறைப்பே இல்லாத ஊரில் மூக்கு எதுக்கு? கண்ணும் காலும் போதுமே!

சாத்தூரிலிருந்து ஏழாயிரம்பண்ணை ரோடு. ரெண்டு பக்கமும் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில் நடக்கிற ஊர்கள். வேலைக்கு ஆள் ஏத்திக்கிட்டு வேன்கள் நம்மை முந்திக்கிட்டுப் பறக்குது.

நாயைத் தவிர எல்லாம் இருக்கு!

சிப்பிப்பாறைன்னு பேரைக் கேட்டதும் நான் என்ன கற்பனை பண்ணியிருந்தேன் தெரியுமா? ஊருக்குள் நுழைஞ்சதும் பத்துப் பதினைஞ்சு நாய் அம்பு மாதிரி பாய்ஞ்சு ஓடும், ஊர்க்காரங்க வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு விசிலடிப்பாங்க... சினிமா ரேஞ்சுக்கு!

நிஜத்தில்? டீக்கடை இருக்கு. ஆலமரம் இருக்கு. மரத்தடியில் தூங்குற சாதா தெரு நாய் நாலு இருக்கு. சிப்பிப்பாறையில் சிப்பிப்பாறையைத் தேட வேண்டியதாப் போச்சு! விசாரிச்சு, ஊரைத் தாண்டி ஒரு தோட்டத்துக்குப் போனோம்.

பெரியவருக்கு எழுபதுக்கு மேலே இருக்கும். வேப்பமரத்தடியில் கயித்துக் கட்டில். எங்களைப் பார்க்கலை; நேரா நியூட்டனைப் பார்த்தார். குனிஞ்சு கழுத்தைத் தடவினார். முடி உதிர்ந்த இடத்தில் விரல் நின்னது.

"சங்கிலியில போட்டிருந்தியாக்கும்?"

"ஆமா தாத்தா..."

"பேரு என்னய்யா?"

"நியூட்டன்."

"நூட்டனா? சரி, இருக்கட்டும். நாய விட்டுட்டுப் போக வந்தியா, கேட்டுட்டுப் போக வந்தியா?"

எனக்கு 'பக்'குன்னு ஆச்சு. பதில் சொல்லாம பேச்சை மாத்தி, மூணு டிசைன் கதையையும் சொன்னேன். தாத்தா சிரிச்ச சிரிப்பில் கட்டிலே ஆடிச்சு.

"ஏய்யா, அவம் பசி வயித்துல இல்ல. காலுல இருக்கு. நீ வயித்துக்குப் போட்டுட்டு கால கட்டி வெச்சிருக்க!"

முயலும் போச்சு, வேலையும் போச்சு

அந்தக் காலத்தில் இந்த நாய்களுக்கு ரெண்டு டியூட்டி. முயல் வேட்டை, தோட்டத்துக்கும் ஆட்டுக்கிடைக்கும் காவல். 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் முயல் பிடிச்சா கேஸ். "சட்டம் போட்டது சரிதான்யா. முயலும் உசுருதான். ஆனா இவம் உடம்புக்குள்ள இருக்கிற ஓட்டத்த எந்தச் சட்டம் நிப்பாட்டும்?"னார் தாத்தா.

எவ்வளவு ஓட்டம்னு அவரோட நாயை விட்டுக் காட்டினார். செவலை நிறப் பெண் நாய். மக்காச்சோளம் அறுத்த வெற்றுப் புஞ்சை. நண்பன் செல்போனில் ஸ்லோமோஷனில் எடுத்தான். ஒரே பாய்ச்சலில் ரெண்டு தடவை நாலு காலும் தரையில் இல்லை! கால்கள் வயித்துக்கு அடியில் மடங்குறப்போ ஒரு தடவை, முன்னும் பின்னும் முழுசா நீளுறப்போ இன்னொரு தடவை. குதிரைக்கே பாய்ச்சலுக்கு ஒரு தடவைதான் இந்த அந்தரம். வில்லு மாதிரி முதுகு வளைஞ்சு நிமிருது. நான் செமஸ்டரில் படிச்ச ஸ்பிரிங் எல்லாம் சும்மா!

ஆக, இவங்களோட நிலைமை என்ன? டிகிரி இருக்கு, திறமை இருக்கு, தலைமுறை தலைமுறையா டிரெயினிங் இருக்கு. வேலை மட்டும் இல்லை. நம்ம கிளாஸில் பாதிப் பேர் கதைதானே இது! பிளேஸ்மென்ட் கிடைக்காத பட்டதாரியை ஒரு ரூமில் பூட்டி வெச்சா அவனும் சோபாவைக் கடிக்கத்தான் செய்வான்.

2005-ல் தபால் துறை நாய்களுக்கு ஸ்டாம்ப் போட்டப்போ ராஜபாளையத்துக்கு இடம் கிடைச்சது, சிப்பிப்பாறைக்குக் கிடைக்கலை. 2020 ஆகஸ்டில் பிரதமர் 'மனதின் குரல்' பேச்சில் சிப்பிப்பாறை பேரையும் சொன்னார். "அப்புறம் பாத்தா கார் போட்டு வந்து குட்டி கேக்காக. மாடி வீட்ல வளக்கப் போறோம்ங்காக. ஆறு மாசம் கழிச்சு போன் போடுதாக, திருப்பி எடுத்துக்கிடுங்கன்னு!"

நான் காராச்சேவுப் பொட்டலத்தைப் பிரிக்கிற சாக்கில் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

கம்பி வலை போட்ட புத்திசாலி

தாத்தாவோட நாய்ப் பட்டியைப் பார்த்தா, உயரம் அஞ்சரை அடிதான். என்னோட ஏழடியை விடக் குறைச்சல்! ஆனா நாலு பக்கமும் பனையோலைத் தட்டி. உள்ளேயிருந்து வெளியே ஒண்ணும் தெரியாது. சுவரோரம் ஏறி நிக்க ஒரு கல்லுகூட இல்லை.

"கண்ணுல பட்டாத்தான அவம் தாவணும்? நீ கம்பி வலையப் போட்டு, ஊரையே படம் காட்டுத!"

பளார்னு அறைஞ்ச மாதிரி இருந்தது. நான் காலுக்கு வேலி கட்டியிருக்கேன். கட்ட வேண்டியது கண்ணுக்கு!

அடுத்தது ரெண்டு கதவு. ஒண்ணைச் சாத்தாம இன்னொண்ணைத் திறக்கவே மாட்டார். 'பால் பாக்கெட் பிரச்னை' அங்கேயே முடிஞ்சது. கழுத்துக்கு நாலு விரல் அகலத் தோல் பட்டை. அதில் முப்பதடி கயிறு. "மொதல்ல கயித்தோட ஓடட்டும். கூப்புடு. வந்தா கையில இருந்து ஒரு வாய் கொடு. வரலையா, மெதுவா கயித்த இழு. வந்ததும் அப்பவும் கொடு. ஒரு நாளைக்கு இருபது தடவ. கூப்புட்டா நல்லது நடக்கும்னு அவனுக்கு ஏறணும்."

ஓடி முடிச்சதும் சோறு கிடையாது. மூச்சு அடங்கி, கொஞ்ச நேரம் போனப்புறம்தான். இந்த மாதிரி ஆழமான நெஞ்சுக்கூடு உள்ள நாய்களுக்கு, சாப்பிட்ட கையோட ஓடினா வயிறு உப்பி முறுக்கிக்கிற ஆபத்து உண்டு. உயிரே போகலாம்னு டாக்டரும் சொல்லியிருந்தார்.

பதினோரு நிமிஷம்

இதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கிட்டிருந்தேன். நியூட்டன் கயிறு என் கையில்... இல்லை, என் காலடியில் கிடந்தது. வரப்போரப் புல்லிலிருந்து ஒரு கௌதாரி 'விர்ர்'ருன்னு எழும்பினது. அவ்வளவுதான்!

கௌதாரி எங்கேயோ போயிடுச்சு. நியூட்டன் நிக்கலை. கயிறு பாம்பு மாதிரி பின்னாடி நெளிஞ்சு ஓடுது. அவன் போற திசையில், முக்கால் கிலோமீட்டரில் லாரி போற ரோடு. நான் 'நியூட்டன்... நியூட்டன்'னு கத்திக்கிட்டே நூறடி ஓடியிருப்பேன்.

"நில்லுய்யா! வெரட்டாத!" தாத்தாவோட குரல் பின்னாடியிருந்து. "நீ வெரட்டுனா அவனுக்கு அது வெளாட்டு. இன்னும் தூரமாப் போவாம். அப்படியே உக்காரு. முதுகக் காட்டி உக்காரு."

லாரி ஹாரன் கேட்குது. உட்காரச் சொல்றார்! உட்கார்ந்தேன். வெடிச்ச கரிசலில், வெயிலில், ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு.

என் வாழ்க்கையில் நான் சும்மா உட்கார்ந்த மிக நீளமான நேரம் அதுதான். அந்தப் பையனோட மாவுக்கட்டு ஞாபகம் வந்தது. பத்து மாசத்தில் இவனை நான் எத்தனை தடவை ஓட்டத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்கேன்னு எண்ணிப் பார்த்தேன். ரெண்டு கையில் இருக்கிற விரலே மிச்சம். தினமும் நான் எழுந்திருக்கிறதே எட்டரைக்கு. எட்டே முக்காலுக்குக் காலேஜ் பஸ். இவன் காலில் இருந்த பசியை நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை.

பிடரியில் சூடா மூச்சு. அப்புறம் ஈரமா ஒரு மூக்கு.

அடிக்கக் கை எழும்பினது உண்மை. "அடிச்சிராத!" தாத்தா தூரத்திலிருந்தே சொல்லிட்டார். "வந்ததுக்கு அடிச்சீன்னா, அடுத்த தடவ வரமாட்டாம்." கையைத் திருப்பி அவன் கழுத்தைக் கட்டிக்கிட்டேன். நண்பன் வந்து செல்போனைக் காட்டினான். "மாப்ளே, பதினோரு நிமிஷம்டா!"

ரிட்டர்ன்

கம்பங்கூழும் மோர் மிளகாயும் கொடுத்தாங்க அந்த வீட்டுப் பாட்டி. கை கழுவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டுட்டேன். "தாத்தா... இவனை இங்கேயே விட்டுட்டுப் போகலாமா? இங்கேன்னா இடம் இருக்கு..."

தாத்தா கையை நீட்டி நாலு பக்கமும் காட்டினார். "எங்கய்யா இருக்கு இடம்? அந்தா பிளாட்டுக் கல்லு. இந்தா கம்பி வேலி. அங்கிட்டு ரோடு. முன்ன ஆறு நாய் வெச்சிருந்தேன், இப்ப ரெண்டு. ஏன்னு கேளு... எனக்கு முட்டி தேஞ்சு போச்சு. எம் மகன் திருப்பூர்ல இருக்காம். இவன இங்க விட்டா நானும் கட்டித்தான் போடணும். நாய்க்கு வேண்டியது இடம் மட்டும் இல்லய்யா, கூட ஓட ஒரு ஆளு. உனக்கு என்ன வயசு?"

"இருபது."

"பெறகென்ன?"

அந்த ரெண்டு வார்த்தைக்கு எந்தப் புத்தகத்திலும் விடை இல்லை. தோல் பட்டையைக் கழட்டி நியூட்டன் கழுத்தில் போட்டுவிட்டார். காசு நீட்டினேன். வாங்கலை.

சாயங்காலம் குட்டியானையின் பின்பக்கம் மூணு பேர் திரும்பினோம். விருதுநகர் வரைக்கும் என் மடியில் தலையை வெச்சுத் தூங்கினான். ஓடிக் களைச்ச நாய் எப்படித் தூங்கும்னு அன்னைக்குத்தான் முதல் தடவையாப் பார்த்தேன்.

ஹவுஸ் ஓனர் அங்கிள்கிட்ட நேரா போய், ஒரு மாசம் டைம் கேட்டேன். கம்பி வலைக்கு உள்பக்கம் பச்சை நிழல்வலை ரெண்டு மடிப்பு. தண்ணி டிரம் இடம் மாறியாச்சு. மோட்டார் ஷெட்டைச் சுத்தித் தகரம். கேட்டுக்குள்ளே இன்னொரு சின்ன கேட், நண்பனோட சிவில் உபயம்! தினமும் காலை அஞ்சு மணிக்கு, தண்ணி வத்தின கண்மாயில் ஓட்டம். வெயில் ஏறுறதுக்குள் வீடு. மழை நாளில் வீட்டுக்குள்ளேயே சோத்தைச் சின்னச் சின்ன டப்பாவில் ஒளிச்சு வெச்சுத் தேடச் சொல்வேன். உடம்பு ஓடலைன்னா மூளையாவது ஓடட்டும்!

இப்போ மூணு மாசம் ஆச்சு. அங்கிள் மாசா மாசம் 'இந்த மாசம் பார்க்கலாம்'னு டைம் நீட்டிக்கிட்டு வர்றார். அந்தப் பையனுக்குக் கட்டுப் பிரிச்சாச்சு. ஆரம்பத்தில் எங்க வீட்டைப் பார்த்தாலே எதிர்ப்பக்கம் போனவன், இப்போ ஞாயித்துக்கிழமைகளில் அவங்க அப்பாவோட கண்மாய்க்கு வந்து தூரமா நின்னு பார்க்கிறான். போன வாரம் கயித்தோட நுனியை ரெண்டு நிமிஷம் பிடிச்சான்.

நியூட்டன் திருந்திட்டானான்னு கேட்கறீங்களா? போன செவ்வாய்க்கிழமை ஒரு கொக்கைப் பார்த்துட்டுக் கயித்தை உருவிக்கிட்டு ஓடினான். நான் வெரட்டலை. முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

நாலு நிமிஷம். பதினொண்ணுலேர்ந்து நாலு!

குட்டி வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

* காலை அஞ்சு மணிக்கு எழுந்திருக்கிற ஆளா நீங்க? இல்லைன்னா முதலில் ஒரு மாசம் எழுந்து, நீங்க ஓடிப் பாருங்க. அப்புறம் குட்டி.

* உங்க சுவரின் உயரத்தை அளக்காதீங்க. சுவருக்குப் பக்கத்தில் ஏறி நிக்க என்ன இருக்குன்னு பாருங்க. வெளியே தெரியாத மறைப்பு, உயரத்தை விட முக்கியம்.

* வளர்ற குட்டியைத் தார் ரோட்டில் பைக் பின்னாடி ஓட விடாதீங்க. மண் தரை, அவன் இஷ்ட வேகம். எலும்பு முத்தினப்புறம்தான் நெடுந்தூரம்.

* வெறிநாய்க்கடி தடுப்பூசி வருஷா வருஷம் கட்டாயம். ஓடிப்போகிற நாய்க்கு டபுள் கட்டாயம். பட்டையில் உங்க போன் நம்பரும் இருக்கட்டும்.

* திரும்பி வந்த நாயை அடிக்காதீங்க. எவ்வளவு கோபம் இருந்தாலும்!